பத்திரங்களின் காவல் யார் பொறுப்பு?

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது அத்திட்டத்தின் மதிப்பு ரூ. 2,516 கோடியாக இருந்தது. இம்மாறுதலை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், இதனோடு வந்து சேரும் ஒரு கடமையை அங்கத்தினர்களுக்கு நினைவூட்டுவது அவசியம் எனக் கருதுகிறோம்.

கணினியில் சேரும் விஷயங்கள் இருவகைப்படும். பங்குத் தொகை, கூலி, கடன் பாக்கி முதலியன கட்டம் கட்டமாகப் பதியப்படுவன. கடன் மனுவோடு வந்த பட்டாவின் படம், கையொப்பமிட்ட பத்திரம், சேலைக் கரையின் டிசைன், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் பிரதி ஆகியவை கட்டத்துக்குள் அடங்காத கோப்புகள். இவை எங்கே இருக்க வேண்டும், யார் பார்க்கலாம், எத்தனை காலம் காக்கப்படும் என்பனவற்றைக் கணினியில் முன்கூட்டியே அமைத்து வைக்கிறார்கள். இவ்வேற்பாட்டை ‘செட்டிங்’ என்பர். நாளை ஒரு வழக்கு எழுந்தால், அங்கத்தினருக்குச் சாட்சியாக நிற்க வேண்டியவை இக்கோப்புகளே.

முதலாவது, இடம். 256 கிலோபைட்டுக்குக் குறைந்த கோப்புகளைக் கணக்குகளுள்ள தரவுத்தளத்திலேயே வைப்பதும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றைத் தனிக் கோப்பகத்தில் வைப்பதும் நலம் என்று 2006-ல் ஜிம் கிரே முதலியோர் மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து கூறினர். இவ்வளவுகள் காலத்தோடு மாறலாம். ஆனால் இடம் பிரிந்திருந்தால், கணக்கை மட்டும் பிரதியெடுக்கும்போது பத்திரங்கள் விடுபட்டுப் போகும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, பார்வையுரிமை. கோப்புகளை வைக்க வாடகைக்கு இடம் தரும் அமேசான் எஸ்3 சேவையில், 2023 ஏப்ரல் முதல் புதிதாகத் திறக்கும் சேமிப்பிடங்களின் பொதுவாசல் தானாகவே மூடியிருக்கும். அதற்கு முன் திறந்தவற்றை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காலம். ஒரு கோப்பின்மேல் வேறொன்றை எழுதிவிட்டால் பழையதை மீட்டுத்தரும் வசதி அச்சேவையில் உண்டு. ஆனால் யாரேனும் இயக்கினாலன்றி அது இயங்காது. குறித்த நாட்களுக்குப் பின் கோப்புகளைத் தானே அழிக்கும் விதியும் உண்டு. செலவைக் குறைக்க எண்ணி ஓராண்டு என்று குறித்துவிட்டால், ஏழாண்டுக் கடனின் பத்திரம் இரண்டாம் ஆண்டிலேயே மறைந்து போகும்!

நான்காவது, பிரதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வெளியூரில் என்பது அறிந்தோர் கூறும் நெறி. இரண்டு கணினிகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஏற்பாடு பிரதியாகாது. ஒன்றில் அழித்தது மற்றொன்றிலும் அழிந்துவிடும்.

“இவையெல்லாம் கணினி அறிந்தவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை, நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன வேலை?” என்று கேட்போர் உண்டு. பெட்டியைச் செய்பவர் தச்சர். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் பெட்டிக்கு உடையவர். கணினியை அமைத்துத் தருபவர் நம் பத்திரங்களின் ஆயுளை அறியார். பயிர்க்கடன் மனு எத்தனை ஆண்டு தேவை, டிசைன் படத்தை அயலார் பார்க்கலாமா என்பவற்றை நாமே சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிடில், இயந்திரம் ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அதுவே நம் தீர்மானமாகிவிடும்.

ஆகவே, ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இந்நான்கையும் பற்றித் தெளிவான தீர்மானம் நிறைவேற்றி, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது எமது கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரதியிலிருந்து பழைய பத்திரம் ஒன்றைத் திருப்பியெடுத்து, அது திறக்கிறதா என்று செயலாளர் குழுவின் முன் காட்டட்டும். இதற்குப் பெரும்பொருள் செலவாகாது. அரைமணி நேரக் கவனம் போதும். பொதுப் பேரவையில் அங்கத்தினர்கள் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

நம் பணத்தை நாமே காத்துக்கொள்ளக் கற்றுத்தந்தது கூட்டுறவு இயக்கம். நம் பத்திரங்களையும் நாமே காத்துக்கொள்வோமாக.