வயலில் கட்டிய காமிரா: படத்தை எடுத்துப் பார்ப்பதில்தான் பலன்

பயிரை அழிக்கும் பிராணி எது என்று அறிய, வரப்போரத்திலும் வாழைத் தோட்டத்திலும் தானியங்கிக் காமிரா கட்டும் வழக்கம் விவசாயிகளிடையே மெல்லப் பரவி வருகிறது. உடல் சூடுள்ள பிராணி எதிரே அசைந்தால் தானாகவே படம் எடுத்துக் கொள்ளும் சிறு பெட்டி இது. இரவில் அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுக்கும். இதை வாங்குவதிலும் கட்டுவதிலும் காட்டுகிற அக்கறையை, உள்ளே விழுந்த படங்களை முறையாக எடுத்துப் பார்ப்பதில் விவசாயிகள் காட்டுவதில்லை என்பது என் கருத்து.

இது சிறிய விஷயம் அல்ல. சுசீந்திரம், தேரூர் பற்றுகளில் நெல்லை வெட்டுவது எலியாக இருக்கலாம். குளத்திலிருந்து ஏறும் நீலத் தாழைக்கோழியாக இருக்கலாம். மயிலோ, அவிழ்த்து விட்ட மாடோகூட இருக்கலாம். மலையடிவாரத்தில் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் காட்டுப்பன்றியின் தொல்லை வேறு. ஆளுக்கு ஆள் பரிகாரம் மாறும். எது என்று தெரியாமலே "பன்றிதான்" என்று முடிவு கட்டி, வரப்பில் திருட்டு மின்சாரக் கம்பி இழுத்து, விடியற்காலையில் தண்ணீர் திருப்பப் போன மனிதர் அதில் மாண்டுபோன செய்தியைப் பத்திரிகையில் பலமுறை படித்திருக்கிறோம்.

படத்தை வெளியே எடுக்க மூன்று வழிகள் உண்டு. மெமரி கார்டைக் கழற்றி எடுப்பது ஒன்று. காமிராவின் அருகில் நின்று வைஃபை மூலம் செல்போனில் இறக்குவது இன்னொன்று. இதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. ஆனால் சில அடி தூரத்துக்குள் நிற்க வேண்டும். தென்னையில் உயரக் கட்டிய காமிராவுக்கு இது வசதி. மூன்றாவது, காமிராவுக்குள்ளேயே சிம் கார்டு போட்டு, படத்தை வீட்டுக்கே வரவழைப்பது.

கடைக்காரர்கள் மூன்றாவது வகையைத்தான் புகழ்ந்து பேசுவார்கள். ஓரிரு ஏக்கர் விவசாயிக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை அதிகம், மாதா மாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும், பாட்டரியும் சீக்கிரம் தீரும். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைப்பதும் நிச்சயமில்லை. பழைய 2ஜி, 3ஜி வகைக் காமிரா மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி விடக் கூடாது. ஜியோ போன்ற 4ஜி சேவையில் அது வேலை செய்யாது. மேலும் சிம் வழியே வருவது பெரும்பாலும் சுருக்கிய சிறு படம்தான். தெளிவான முழுப் படம் கார்டிலேயே தங்கியிருக்கும். ஆகவே எப்படியும் ஒரு நாள் கார்டைக் கழற்றத்தான் வேண்டும்.

கார்டு வகைக்கு இரண்டு கார்டுகள் வைத்துக் கொள்வது நலம். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை போய், முதலில் காமிராவை அணைக்க வேண்டும். ஓடும்போது கார்டை உருவினால் படங்கள் கெட்டுப் போகக்கூடும். நிறைந்த கார்டை எடுத்து, வெறும் கார்டைப் போட்டு, நாளும் மணியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பவும் போடுங்கள். பாட்டரி மாற்றினால் சில காமிராக்களில் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். வெயிலில் நின்றுகொண்டு காமிராவின் சிறு திரையில் படம் பார்ப்பது கண்ணுக்கும் கேடு, பாட்டரிக்கும் கேடு.

வீட்டில் கார்டு ரீடரைச் செல்போனில் செருகினால் படங்கள் 'டிசிஐஎம்' என்ற அறைக்குள் இருக்கும். கார்டைச் செருகியதும் சில போன்கள் "ஃபார்மட் செய்யலாமா?" என்று கேட்கும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், அத்தனை படமும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் போனிலோ கம்ப்யூட்டரிலோ நகல் எடுத்துக் கொண்டு, பிறகுதான் பார்க்க வேண்டும். கார்டைக் காலி செய்வதைக் காமிராவில் வைத்தே செய்யலாம்.

பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் வாழையிலை ஆட்டத்துக்கே நூற்றுக்கணக்கில் வெறும் படம் விழும். எதிரே தொங்கும் இலையை முன்கூட்டியே நறுக்கி விட்டால் பாதி வேலை குறையும். 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்து எடுத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலி விழுந்தவை 76,651 மட்டுமே. கம்ப்யூட்டர் உதவியோடு அவர்களே இவ்வளவையும் சலிக்க வேண்டியிருந்தது. எனவே முதல் நூறு படத்தில் ஒன்றுமில்லை என்று கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். மணி வரிசையாகப் பார்த்து, ஒரு நோட்டில் தேதி, மணி, பிராணி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஒரே பன்றி ஐந்து படத்தில் விழுந்தால் அது ஐந்து பன்றி ஆகாது. எலியைத் தூரத்தில் வைத்த காமிரா பெரும்பாலும் பிடிக்காது. வளைக்கு எதிரே சுமார் இரண்டு மீட்டரில், முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும். பகலில் தரை சூடேறினால் பிராணியின் சூட்டைப் பிரித்தறியக் காமிரா திணறும். பகல் பறவைகள் விட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோட்டும் படமும் மனுவுக்குப் பலம் சேர்க்கும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். எந்த வயலில், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று காட்டினால் மனுவை அலட்சியம் செய்வது கடினம். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்து, படத்துக்குள் பதிந்த தேதி விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்ற முறையில் அனுப்புங்கள். மூலப் படத்தை அழிக்க வேண்டாம். தேரூர்க் குளத்தைச் சுற்றியுள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே பறவை மேல் புகார் சொல்லவும் படம்தான் வேண்டும், வெடி உதவாது.

காமிரா மனிதரையும் படம் பிடிக்கும். படித்துறை, ஒற்றையடிப் பாதை, அடுத்த வீட்டு முற்றம் ஆகியவற்றை நோக்கி அதைத் திருப்பக் கூடாது. உத்தரகாண்டின் கார்பெட் காட்டில், விலங்குக்காக வைத்த காமிராவில் விழுந்த ஒரு பெண்ணின் படம் ஊருக்குள் பரவியதையும், ஆத்திரமுற்ற மக்கள் காமிராக்களை உடைத்ததையும் 2024-ல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. படம் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடமே கொடுத்து, மனிதர் விழுந்த படத்தை அவரே அன்றே அழித்துவிட வேண்டும். திருட்டுப் போன தேங்காய்க் கேசு என்றால் மட்டும் போலீசிடம் கொடுக்கலாம்.

வீட்டுக்கு ஒரு காமிரா என்பது வீண் செலவு. ஓர் ஏலாவைச் சேர்ந்த பத்துப் பேர் கூடி, கார்டு வகையில் இரண்டு வாங்கினால் போதும்; முறை வைத்துக் கட்டலாம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு அரைநாள் பயிற்சி நடத்தலாம். கூட்டுறவுச் சங்கங்கள் தெளிப்பான் வாடகைக்கு விடுவதுபோல் காமிராவையும் விடலாம். கும்பப்பூவில் கதிர் பால் பிடிப்பதற்கு இருபது நாள் முன்பே கட்டத் தொடங்கினால், சேதம் தொடங்கும் நாளும் கையில் பதிவாகிவிடும்.