ஓட்டைப் பிரித்த பிறகு பேரம் பேசாதீர்கள்!

சென்னையில் அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் ஓட்டு வீட்டுக்காரர்களுக்குக் கூரை ஞாபகம் வருகிறது!

ராயபுரம், சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் மிச்சம் இருக்கும் ஓட்டு வீடுகளுக்கு ஆள் தேடி அலைவார்கள். மேஸ்திரிக்கு ஏக கிராக்கி. அவசரத்தில் மொத்தமாக ஒரு தொகை பேசி அட்வான்சைக் கொடுத்து விடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஓட்டைப் பிரிக்கிற வரை எல்லாம் சரியாக இருக்கும். பாதிக் கூரையைப் பிரித்ததும் மேலே இருந்து குரல் வரும்.

"சார், கைமரம் பூரா கரையான். ரீப்பர் ஒண்ணுகூட தேறாது. இன்னும் பணம் ஆகும்!"

வீட்டுக்காரர் என்ன செய்வார்? தலைக்கு மேலே வானம். பீரோவும் கட்டிலும் தார்ப்பாய்க்கு அடியில். பிள்ளைகள் பக்கத்து வீட்டில். வேறு ஆளைக் கூப்பிட்டால், அடுத்தவன் பிரித்துப் போட்ட வேலையைத் தொட மாட்டான். கேட்டதைக் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

மேஸ்திரியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் மரத்தின் நுனி உளுத்துப் போனால் கீழே இருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால், பேரம் பேசும் முன்பே ஒழுகுகிற இடத்தில் பத்து ஓட்டைக் கழற்றி, மரத்தை உளியால் குத்திப் பார்க்கலாமே! அதற்கு ஆகும் கூலி ஒன்றும் பெரிசு இல்லை.

மரம் மாற்ற வேண்டி வந்தால் கன அடி என்ன விலை, ஆசாரி கூலி எவ்வளவு என்று முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். "நமக்குள்ள எதுக்கு சார் எழுத்து?" என்று சிரிப்பவரிடம் கட்டாயம் வாங்க வேண்டும்!

பழைய ஓடு யாருக்கு?

நூறு சதுர அடிக் கூரைக்கு மங்களூர் ஓடு சுமார் 130 முதல் 150 வரை பிடிக்கும். உடையாமல் இறக்கினால் கழுவித் திரும்பப் போடலாம். விற்றாலும் காசு. பழைய பர்மா தேக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். "குப்பையை அள்ளிடறோம்" என்று ராத்திரி வண்டி வந்தால், என்ன ஏறுகிறது என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்ப்பது நல்லது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிரிப்பவர்களுக்கு இரட்டை ஜாக்கிரதை தேவை. சுத்தியால் உடைத்தால் பறக்கும் தூள் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். தண்ணீர் தெளித்து முழுசாகக் கழற்ற வேண்டும். ஷீட் மேல் நேராகக் காலை வைத்தால், அது உடைந்து ஆளே கீழே போய்விடுவார். பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். பலகை வாடகையில் மிச்சம் பிடிக்கிற வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைய நேரிடும்.

பொங்கல் கழிந்து வேலையை ஆரம்பித்தால் மழை பயம் குறைவு. பணத்தை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. மரம் ஏறியதும் ஒரு பங்கு, ஓடு போட்டதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை எடுக்கும் முன் முகட்டில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.