203 பேர் ஓட்டிப் பார்த்த கார்

கிரைஸ்லர் டர்பைன் காரைப் பற்றி நம் துறையில் இரண்டு கதைகள் உலவுகின்றன. காலத்தை முந்திப் பிறந்த அற்புதம், உலகம்தான் அதற்குத் தயாராக இல்லை என்பது ஒன்று. எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து கதையை முடித்துவிட்டன என்பது மற்றொன்று. இரண்டையும் ஆர்வமாகச் சொல்பவர்கள், அந்தக் காரை ஓட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. உற்பத்திக்குப் போகாத கார்களுக்கென்றே ஒதுக்கிய இந்தச் சிறப்பிதழில் அதைச் சொல்லாமல் நகர முடியாது. அப்படிக் கைவிடப்பட்ட கார்களில் இவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்கப்பட்டு, இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன கார் வேறு இல்லை என்பது என் கணிப்பு.

முதல் டர்பைன் கார் என்ற பெருமை கிரைஸ்லருக்குக் கிடையாது. பிரிட்டனில் ரோவர் 1950-லேயே ஜெட் 1 என்ற காரை ஓட்டிக் காட்டிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபயர்பேர்டுகள் இறக்கை முளைத்த விமானம்போல் மோட்டோரமா கண்காட்சிகளில் வந்து கூட்டம் சேர்த்தன. ஜார்ஜ் ஹ்யூப்னர் தலைமையிலான கிரைஸ்லர் குழு 1954-ல் சாதாரண பிளைமவுத் ஒன்றில் டர்பைனைப் பொருத்தியது. 1956-ல் அதே வகைக் காரை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சுமார் 3,000 மைல் ஓட்டியது. அடுத்தடுத்த தலைமுறை எஞ்சின்களைக் கடந்து, 1963-ல் நான்காம் தலைமுறை எஞ்சினோடு வந்ததுதான் நாம் பேசும் கார். தோற்றம் எல்வுட் எங்கெலுடையது. பாடியை இத்தாலியின் டூரின் நகரத்தில் கியா நிறுவனம் கையால் செய்து கப்பலில் அனுப்பியது. டெட்ராய்ட்டில் எஞ்சின் ஏறியது. செம்பு நிறத்தில் மொத்தம் 55 கார்கள். அவற்றில் 5 முன்மாதிரிகள், மற்ற 50-ம் பொதுமக்களுக்கு.

எஞ்சினின் அமைப்பைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும். பின்னால் வந்த எல்லாப் புகார்களின் வேரும் அங்கேதான் இருக்கிறது. கம்ப்ரஸரும் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரு தண்டில் இருக்கின்றன. சக்கரங்களை ஓட்டும் டர்பைன் வேறொரு தண்டில். இரண்டுக்கும் இடையே சூடான காற்றோட்டத்தைத் தவிர வேறு தொடர்பே இல்லை. கியர்பெட்டிக்கு முன்னால் டார்க் கன்வர்ட்டர் வைக்கத் தேவையில்லை; அந்த வேலையைக் காற்றே பார்த்துக்கொள்கிறது. குதிரைத்திறன் 130-தான். ஆனால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே 425 பவுண்டு-அடி முறுக்குவிசை கைக்குக் கிடைக்கும். முதல் தண்டின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 44,000 சுற்றுக்கும் மேல். வெளியேறும் புகையின் வெப்பத்தை வீணாக்காமல் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்க இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழலும் ரீஜெனரேட்டர் தட்டுகள். இவை இல்லாவிட்டால் இந்த எஞ்சினை வீட்டுக் காரில் வைப்பதை யாரும் யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. சக்கர டர்பைனுக்கு முன்னால் உள்ள இதழ்கள் கோணம் மாறும். காலை எடுத்தால் அவை திரும்பி எஞ்சின் பிரேக்கும் கொடுக்கும். ரேடியேட்டர் கிடையாது. ஸ்பார்க் பிளக் ஒன்றே ஒன்று. பிஸ்டன் எஞ்சினில் அசையும் உறுப்புகள் ஐந்து என்றால் இதில் ஒன்று.

எரிபொருள் விஷயத்தில் இதற்குப் பிடிவாதம் இல்லை. டீசல், மண்ணெண்ணெய் எதுவானாலும் சரி. மெக்சிகோவில் டெகீலாவை ஊற்றி ஓட்டிய கதையை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். அன்றைய அமெரிக்காவில் மூலைக்கு மூலை கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான் இதற்கு ஆகாது என்ற விவரம் அந்தக் கதையோடு சேர்ந்து வருவதில்லை. ஈயம் டர்பைன் உறுப்புகளில் படிந்துவிடும். டெகீலாவில் ஓடும், பக்கத்துப் பெட்ரோல் பங்கில் நிரப்பத் தயங்கும் என்றால், பொறியாளருக்கு அது வேடிக்கை. வாங்குபவருக்கு அன்றாடத் தலைவலி.

இந்த வேறுபாட்டைக் கண்டறியத்தான் கிரைஸ்லர் யாரும் செய்யாததைச் செய்தது. 1963 அக்டோபரில் தொடங்கி, முன்பின் தெரியாத குடும்பங்களிடம் கார்களைக் கொடுத்தது. ஆளுக்கு 3 மாதம். வாடகை இல்லை, எரிபொருள் செலவு மட்டும் ஓட்டுபவருடையது. விண்ணப்பங்கள் ஏராளமாக வந்து குவிந்தன. 48 மாநிலங்களில் 133 நகரங்களைச் சேர்ந்த 203 பேர் தேர்வானார்கள். வேலைக்குப் போனார்கள், கடைக்குப் போனார்கள், பனியில் நிறுத்தினார்கள், மலையேறினார்கள். 1966 ஜனவரியில் திட்டம் முடிந்தபோது கார்கள் எல்லாம் சேர்ந்து 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருந்தன.

அவர்கள் சொன்னவற்றில் பாராட்டே அதிகம் என்பதை மறக்கக் கூடாது. அதிர்வே இல்லை. குளிர்காலத்திலும் எடுத்த எடுப்பில் கிளம்புகிறது, ஹீட்டர் உடனே சூடாகிறது, பராமரிப்பு குறைவு. சிலருக்கு அந்த விசில் சத்தம் பிடித்திருந்தது. சிலருக்கு வாக்கும் கிளீனரை நினைவூட்டியது. பழுதாகி நின்ற நேரமும் தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் நன்றாகக் குறைந்துவிட்டது. கையால் பாடி கட்டிய, முற்றிலும் புதிய எஞ்சின் கொண்ட வண்டிக்கு இது மரியாதையான கணக்கு.

புகார்கள்தான் பொன். உயரமான ஊர்களில் ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் வந்தது. தொடக்க முறையைச் சரியாகப் பின்பற்றாமல் பலர் எஞ்சினை அணைய விட்டார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு முதல் தண்டு வேகமெடுக்கும்வரை ஒரு நொடிக்கும் மேல் வண்டி யோசித்தது. மைலேஜ் கட்டுப்படியாகவில்லை. இவற்றில் எதுவும் கிரைஸ்லர் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. டைனமோமீட்டரில் எல்லா எண்களும் ஏற்கெனவே இருந்தன. ஆனால் டெஸ்ட் டிராக்கில் ஓட்டும் அனுபவசாலி அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி தன் காலைப் பழக்கிக்கொள்வார். பழகியபின் அது அவர் கண்ணுக்கே தெரியாது. நெடுஞ்சாலையில் வேகமாக வரும் லாரிக்கு முன்னால் நுழைய வேண்டிய ஆசிரியைக்கு அந்த ஒரு நொடி பெரிய நொடி. இந்த எடைபோடலை எந்தக் கருவியும் தராது. எந்தக் குறை பொறுத்துக்கொள்ளக்கூடியது, எது வாங்க விடாமல் தடுப்பது என்பதை முன்பின் தெரியாதவர்கள்தான் சொல்ல முடியும்.

மைலேஜ் புகாரின் அடியில் இருந்தது இயற்பியல். டர்பைன் முழுச் சுமையில் நன்றாக இருக்கும். பாதிச் சுமைக்கு இறங்கினால் அதன் திறன் சரிந்துவிடும். காரோ தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பாதிக்கும் குறைவான சுமையில்தான் கழிக்கிறது: சிக்னலில் நிற்கிறது, நிதானமாக உருள்கிறது, கொஞ்சம் வேகமெடுத்து மறுபடி நிற்கிறது. விமானத்துக்கும் மின் நிலையத்துக்கும் பொருந்திய இயந்திரம் நகரச் சாலையில் தடுமாறுவதற்கு வேறு சதி தேவையில்லை. 1970-ன் தூய காற்றுச் சட்டம் இன்னொரு அடி. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் டர்பைனில் குறைவு. ஆனால் உயர் வெப்பத்தில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்குவது கடினம். அரசு ஒப்பந்தத்தோடு ஆய்வு மேலும் தொடர்ந்தது. கிரைஸ்லர் திவாலின் விளிம்புக்குப் போய் அரசின் கடன் உத்தரவாதத்தில் உயிர்பிழைத்த அந்த 1980 வாக்கில் அதுவும் நின்றது.

இங்கே ஒரு திருத்தம். அமெரிக்காவின் எம்1 ஏப்ரம்ஸ் டாங்கியில் இருப்பது இந்தக் காரின் எஞ்சினின் வாரிசு என்று அவ்வப்போது எழுதுகிறார்கள். டாங்கியை முதலில் கட்டியது கிரைஸ்லரின் ராணுவப் பிரிவு என்பது உண்மை. 1,500 குதிரைத்திறன் கொண்ட அதன் டர்பைன் லைக்கமிங்குடையது. ஆனால் குடும்பக் குணம் மட்டும் அங்கேயும் தெரிந்தது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விட்டால் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கிறது என்பது அந்த டாங்கியின் தீராத குறை.

203 பேரின் புகாரை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த படி தானாகத் தெரியும். டர்பைனைச் சக்கரத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பிடித்த ஒரே வேகத்தில் ஓடி மின்சாரம் மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்; சிக்னலையும் ஏற்றத்தையும் மோட்டாரும் பேட்டரியும் பார்த்துக்கொள்ளும். 1992-ல் வால்வோ இசிசி என்ற முன்மாதிரியில் இதைச் செய்து காட்டியது. கார் கடைக்கு வரவில்லை, அதன் தோள்களும் முகமும் மட்டும் 1998-ன் எஸ்80-ல் வந்தன. 2010-ல் பாரிஸ் கண்காட்சியில் ஜாகுவார் சி-எக்ஸ்75 அதே எண்ணத்தைப் பல மடங்கு துணிச்சலோடு கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 80,000 சுற்று சுழலும், ஒவ்வொன்றும் 70 கிலோவாட் தரும் இரண்டு குட்டி டர்பைன்கள். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு மோட்டார்கள். ஜாகுவார் அப்போது டாடா குடும்பத்துக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. டர்பைன்களைச் செய்த பிளேடன் ஜெட்ஸிலும் டாடா பங்கு வாங்கியது. 250 கார்கள் தயாரிப்பதாக 2011-ல் அறிவிப்பும் வந்தது. ஆனால் அந்த அறிவிப்பிலேயே டர்பைன் காணாமல்போய், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. 2012 டிசம்பரில் பொருளாதார நிலைமையைக் காரணம் காட்டி முழுத் திட்டமும் கைவிடப்பட்டது. 2015-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் ஆள் ஓட்டியதாகப் பலரும் அந்தக் காரைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் இருந்தது வி8 எஞ்சின்.

இந்த இரண்டு கார்களிலும் எனக்கு ஒரு குறை. சரியான கேள்வியைத்தான் எடுத்தார்கள். ஆனால் வெளியாட்கள் கையில் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கவில்லை. அதனால் பிரித்து வைத்த டர்பைன் அன்றாடத் தெருவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 203 பேரின் குரல் போன்ற ஒரு சான்று நம்மிடம் இல்லை.

கிரைஸ்லரைப் பாராட்டிய கையால் குட்டவும் வேண்டியிருக்கிறது. திட்டம் முடிந்ததும் 55 கார்களில் 46-ஐ எரித்து நசுக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த பாடிகளுக்குச் சுங்க வரி கட்ட வேண்டியிருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். டர்பைனைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் மாட்டிய கார்கள் பழைய கார் கடைகளில் நின்று மானத்தை வாங்கும் என்ற பயம் இன்னொன்று; எனக்கு இதுவே அதிகம் நம்பும்படி இருக்கிறது. மிஞ்சியது 9. பெரும்பாலானவை அருங்காட்சியகங்களில் எஞ்சின் செயலிழந்து நிற்கின்றன. ஒன்றை ஜே லெனோ வாங்கி இன்றும் ஓட்டுகிறார். ஜெனரல் மோட்டார்ஸும் தன் மோட்டோரமா கார்களில் பலவற்றை நொறுக்கச் சொல்லி மிச்சிகனில் ஒரு காயலான் கடைக்குத் தள்ளியது. கடைக்காரர் முழு மனதோடு அதைச் செய்யவில்லை. அதனால்தான் 1955-ன் ஷெவ்ரலே பிஸ்கெய்ன் போன்றவை துண்டு துண்டாகவாவது பிழைத்து, 1980-களின் இறுதியில் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தன.

கண்காட்சிக்காக மட்டும் கட்டப்படும் கார்களை நான் இழிவாக நினைக்கவில்லை. ஹார்லி எர்ல் 1938-ல் பியூக் ஒய்-ஜாபைக் கட்டியது தோற்றத்தைச் சோதிக்கத்தான். அதைக்கூட மேடையில் வைத்துவிட்டுப் போகாமல் தன் சொந்தக் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று நாம் கண்காட்சிகளில் காண்பவற்றில் பல அந்த அளவுக்குக்கூட ஓடுவதில்லை. மேடைக்குத் தள்ளி ஏற்ற வேண்டிய, கதவு திறந்தால் உள்ளே ஒட்டுப்பலகை தெரியும் உருவங்களை உற்பத்திக்கு வராத கார்கள் பட்டியலில் சேர்த்து வருத்தப்படுவது வீண். அவற்றிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நம் வாசகர்களில் பலருடைய வேலை இதற்கு நேர் எதிரானது. சென்னையைச் சுற்றியுள்ள சாலைகளில் கறுப்பு வெள்ளை வளையங்கள் ஒட்டிய சோதனை வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றில் பாதி எந்த ஷோரூமுக்கும் போகாது. திட்டம் ரத்தானதும் வண்டி நசுக்கப்படும், குழு கலையும், கோப்பு யாருடைய கணினியிலோ தூங்கும். அடுத்த குழு அதே பிரேக் சத்தத்தை அதே ஆறு மாதத்தில் மறுபடி கண்டுபிடிக்கும். ரகசிய ஒப்பந்தங்களின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் ரத்தாகிப் பத்து ஆண்டான திட்டத்தில் காப்பாற்ற என்ன ரகசியம் மிஞ்சியிருக்கும் என்பதை நிறுவனங்கள் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கலாம்.

எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களைக் கைவிடப்பட்ட திட்டங்களின் சோதனைக் குறிப்புகளுக்கு ஒதுக்குகிறோம். நிறுவனத்தின் பெயரும் வண்டியின் பெயரும் வேண்டாம். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி கட்டாயம். எந்தக் கேள்விக்காக வண்டி கட்டப்பட்டது, எதை எப்படி அளந்தீர்கள், வெளியாள் யாராவது ஓட்டினார்களா, ஓட்டியிருந்தால் என்ன சொன்னார்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்ற விவரங்கள் இருந்தால் போதும். படங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வரைபடங்களில் அச்சுகளுக்கு அலகு குறித்து அனுப்புங்கள்.