அசைகிற முள்ளெல்லாம் மெய் சொல்வதில்லை



ஒதியம்பட்டிலும் வில்லியனூர்ப் பகுதியிலும் பழைய அம்பாசிடர் காரைப் பேணிவரும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. ஆயினும் தகப்பன் ஓட்டிய வண்டியை விற்க மகனுக்கு மனம் வருவதில்லை. இத்தகைய வண்டிகள் சிலவற்றில் பழைய இயந்திரத்தையும் நான்கு கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு, பிற்கால அம்பாசிடரில் வந்த இசுசு இயந்திரத்தையும் அதற்குரிய ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. வேலை முடிந்தபின் பட்டறையில் எழும் ஒரு பேச்சைக் குறித்தே எழுதுகிறேன்: "வண்டிதான் ஓடுதே ஐயா, மீட்டர் ஓடலன்னா என்ன?"

இன்னும் சிலர், கைக்குக் கிடைத்த ஸ்பீடோமீட்டர் கேபிளை எப்படியோ மாட்டி, முள் அசைந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இவ்விரண்டில் பின்னதே பெருங்கேடு என்பேன். செத்துக்கிடக்கும் முள்ளை எவரும் நம்பமாட்டார். அசைகிற முள்ளையோ எல்லாரும் நம்புவார்கள்.

ஐந்தாம் கியர் புதிதாக வந்ததால்தான் முள் பிழையாகக் காட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது காரணமன்று. கியர் பெட்டியிலிருந்து பின்னச்சை நோக்கி வெளியேறும் தண்டில் ஒரு திருகுப்பல் உண்டு. அது ஒரு சிறு பல்சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரம் கேபிளின் உட்கம்பியைச் சுழற்றும். கம்பியின் மறுமுனையிலுள்ள காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்க, இரண்டுக்கும் நடுவே முள் நிற்கிறது. ஆகவே பெட்டி மாறும்போது மாறுவது அந்தச் சிறு பல்சக்கரத்தின் கணக்கு. பின்னச்சின் விகிதமும் டயரின் அளவும் அக்கணக்கில் சேரும். மீட்டருக்கோ இது எதுவும் தெரியாது.

கிலோமீட்டருக்கு 625 சுற்று என்று அமைக்கப்பட்ட மீட்டருக்குப் புதிய பெட்டி 500 சுற்றே தருகிறது என்று வையுங்கள். முள் 60 காட்டும்போது வண்டி 75இல் விரையும். விழுப்புரம் சாலையில், முன்னே மாட்டுவண்டி திரும்புகையில், அந்தப் பதினைந்து சிறிய எண் அல்ல.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உட்கம்பியின் நுனியில் ஓர் அட்டை அம்பைச் செருகுங்கள். சமதளத்தில், வண்டியை நியூட்ரலில் வைத்து, அளந்த 10 மீட்டர் தள்ளுங்கள். அம்பு எத்தனை முறை சுற்றியதோ அதை நூறால் பெருக்கினால் கிலோமீட்டருக்கான சுற்று கிடைக்கும். பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகத்தில் சிறு எழுத்தில் ஓர் எண் இருக்கும். மைல் மீட்டரானால் அது மைலுக்கான சுற்று. அப்படியானால் உங்கள் விடையை 1.609ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். எண்கள் ஒவ்வாவிடில் வேறு பற்கள் கொண்ட சக்கரத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிடில் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மீட்டரையே திருத்த வேண்டும்.

கேபிளின் மேல்முனை பழைய மீட்டருக்கும் கீழ்முனை புதிய பெட்டிக்கும் பொருந்த வேண்டும். இரண்டின் மரையும் ஒன்றாயிருப்பது அரிது. அளவு கொடுத்துச் செய்விப்பதே நலம். செல்லும் வழியில் கூர்மையான வளைவு இருந்தால் முள் நடுங்கும். சைலன்சர் குழாயின் சூடு கேபிளில் படலாகாது. உட்கம்பிக்குக் கிரீஸ் மெல்லிதாகவே இடுங்கள். மீட்டரை ஒட்டிய பகுதிக்கு வேண்டவே வேண்டாம், ஏனெனில் அது சுழன்று மேலேறி மீட்டருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். அளவுக்கு மிஞ்சிய கிரீஸ்தான் பட்டறைப் பிள்ளைகளின் தாராளம்!

கைப்பேசியே வேகத்தைக் காட்டுகிறதே என்று வாலிபர் கேட்கிறார்கள். சோதனைக்கு அது நல்ல சாட்சி. அருகிலிருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ள, நேரான சாலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் வண்டியிலேயே வேகமானி இருக்கவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. மேலும், ஓடிய தூரத்தைக் கைப்பேசி வண்டியில் எழுதிவைப்பதில்லை.

என் மனத்தை உறுத்துவது இந்தத் தூரக்கணக்கே. அதே கேபிள்தான் அதையும் சுழற்றுகிறது. மேற்சொன்ன வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் 80 என்றே பதிவாகும். ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும். அது உரிமையாளருக்கு வரும் நட்டம். விற்கும்போதோ நட்டம் வாங்குகிறவருக்கு. வெவ்வேறு எடையுள்ள நிறைகற்களை ஒரே பையில் வைத்திருப்பதை உபாகமம் விலக்குகிறது. பிழையென்று அறிந்த மீட்டரை வாய்திறவாமல் விற்பவர் வைத்திருப்பதும் அத்தகைய ஒரு கல்தான். "நான் திருத்தவில்லையே, அதுவாகத்தானே ஓடிற்று" என்பது எனக்குப் போதிய மறுமொழியாகத் தோன்றவில்லை.

ஆகையால் கியர் பெட்டியை மாற்றுகிறவர்கள், மாற்றிய நாளையும், அன்று மீட்டரில் இருந்த எண்ணையும், 10 மீட்டர் சோதனையின் விடையையும் ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். வண்டி கைமாறும்போது அந்தத் தாளும் வாங்குகிறவர் கைக்குப் போகட்டும்.