வீக்கத்தைக் கொண்டு விஷத்தை அளக்கலாகாது

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பும் பருத்தி எடுப்பும், அரியலூர் மாவட்டம் திருமானூர்ப் பக்கம் நெல் அறுவடையும் நடக்கும் நாட்களில் வயலுக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஒருவர் கடிபட்டால், சுற்றி நிற்போர் காலில் வீக்கம் உண்டா என்று பார்க்கின்றனர். வீங்கவில்லையெனில் 'விஷமில்லை' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வோரும் உண்டு. இது உயிரைப் பறிக்கும் தவறு.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் தசையையும் இரத்தக் குழாய்ச் சுவர்களையும் சிதைக்கிறது. சிதைந்த இடத்தைக் காக்க இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் விரைகின்றன. அவை சுரக்கும் பொருள்களாலும் குழாய்கள் கசிந்து, நீர் கோத்துக் கால் பருக்கிறது. ஆகவே, விஷத்தின் தாக்குதலும் உடம்பின் தற்காப்பும் சேர்ந்ததே வீக்கம். கட்டுவிரியன் விஷமோ நரம்பைத் தாக்குவது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ இல்லாமலே, சில மணி நேரத்தில் இமை சரிந்து மூச்சு நின்றுவிடக்கூடும்.

உடம்பு தானே எதிர்த்துக்கொள்ளாதா? புதிய விஷத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக நாட்கள் பல ஆகும். விஷம் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். ஒருமுறை பிழைத்தவரையும் அடுத்த கடி விடாது. அதனால்தான் குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றனர். இதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இம்மருந்து இரத்தத்தில் உள்ள விஷத்தை முறிக்கும். அழுகிவிட்ட தசையை மீட்காது. தாமதம் கூடாது என்பது இதனால்தான்.

இறுகக் கயிறு கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். மெட்டி, கொலுசைக் கழற்றி, காலை அசைக்காமல், நடக்கவிடாமல், 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை.

தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கெடுப்பு மட்டும் உயிர் காக்காது. குதிரையின் புரதத்தைச் சிலர் உடம்பு பகையாகக் கருதி, தடிப்பும் மூச்சுத்திணறலும் கண்டு, இரத்த அழுத்தம் இறங்குவதுண்டு. அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசி உடனிருக்க வேண்டும். ஆகவே கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்தும், அட்ரினலினும், இரவிலும் அவற்றைப் போடத் தெரிந்தவரும் இருத்தல் அவசியம். விதைக்கும் உரத்துக்கும் குரல் கொடுக்கும் விவசாயிகள், அடுத்த கிராம சபையில் இதையும் கேட்டுத் தீர்மானமாக்க வேண்டும். விளைச்சல் வீடு வந்து சேரும்போது, விளைவித்தவரும் வந்து சேர வேண்டுமல்லவா?