'அபாயம் குறைவு' எனக் கருதப்படும் இயக்கிக் குறைபாடுகள்: தாக்குதலாளர்களுக்கு ஆயுதமாவது எப்படி?

புதுடெல்லி: விண்டோஸ் இயங்குதளத்துடன் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்த 'அகேரே' மோடம் இயக்கியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் மாதப் புதுப்பிப்பில் முற்றிலுமாக நீக்கியது. அதிலிருந்த பாதுகாப்புக் குறைபாட்டைத் தாக்குதலாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்ததே இதற்குக் காரணம். மோடம் இணைக்கப்படாத கணினிகளுக்கும் இந்த ஆபத்து இருந்தது. ஆயினும் இக்குறைபாட்டுக்கு மிக உயர்ந்த தீவிர நிலை வழங்கப்படவில்லை.

அச்சுப்பொறி, மோடம் போன்ற வன்பொருள்களை இயங்குதளத்துடன் இணைக்கும் மென்பொருளே சாதன இயக்கி எனப்படும் டிரைவர். இதிலுள்ள குறைபாட்டைப் பயன்படுத்த, தாக்குதலாளர் பொதுவாக முன்னரே கணினிக்குள் நுழைந்திருக்க வேண்டும். எனவே, இணையம் வழியே நேரடியாகத் தாக்க உதவும் குறைபாடுகளைவிட இவை அபாயம் குறைந்தவையாகக் கருதப்படுகின்றன. நிர்வாகி அனுமதி பெற்ற ஒருவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் செல்வதை மைக்ரோசாப்ட் பாதுகாப்பு எல்லை மீறலாகவே கருதுவதில்லை.

கையொப்பமே கவசம்

தனியாக நோக்கினால் இந்த வாதம் சரியே. ஆனால், தாக்குதல் ஒரே குறைபாட்டுடன் முடிவதில்லை. போலி மின்னஞ்சல் அல்லது திருடப்பட்ட கடவுச்சொல் மூலம் உள்ளே நுழைபவருக்கு அடுத்த தடையாக இருப்பது வைரஸ் தடுப்பு மென்பொருள். அதை முடக்குவதற்கே இயக்கிக் குறைபாடு பயன்படுகிறது.

தைவானின் கிகாபைட் நிறுவன இயக்கியில் குறைபாடுகள் இருப்பது 2018-ல் வெளியானது. தனது தயாரிப்புகளுக்குப் பாதிப்பில்லை என முதலில் கூறிய அந்நிறுவனம், பின்னர் அந்த இயக்கியைக் கைவிட்டது. ஆனால், 'ராபின்ஹுட்' ரேன்சம்வேர் கும்பல் அதே இயக்கியைத் தாமே கொண்டுவந்து கணினிகளில் நிறுவி, பாதுகாப்பு மென்பொருள்களைச் செயலிழக்கச் செய்ததை 2020 பிப்ரவரியில் சோபோஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது. முறையான டிஜிட்டல் கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதைத் தடுக்கவில்லை.

டெல் கணினிகளில் 2009 முதல் இருந்த இயக்கிக் குறைபாடு 2021 மே மாதம் வெளியானது. டெல் உடனடியாகத் திருத்தம் வழங்கியும், வடகொரியாவுடன் தொடர்புடைய 'லாசரஸ்' குழு அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் பழைய இயக்கியைப் பயன்படுத்தி நெதர்லாந்து, பெல்ஜியத்தில் தாக்குதல் நடத்தியதாக ஈசெட் நிறுவனம் தெரிவித்தது.

திருத்தம் மட்டும் போதாது

இயக்கியைத் திருத்தினாலும் அதன் பழைய பதிப்பு மறைந்துவிடுவதில்லை என்பதே இந்நிகழ்வுகள் உணர்த்தும் உண்மை. எனவே, ஆபத்தான இயக்கிகளின் தடைப்பட்டியலே முதன்மைத் தற்காப்பாகிறது. விண்டோஸ் 11-ன் 2022 புதுப்பிப்பு முதல் இது இயல்பாகவே செயல்பாட்டில் உள்ளது. எனினும், பட்டியலில் சேராத இயக்கியை அது தடுக்காது.

இந்தியாவில், கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனால், அது தாக்குதல் தெரியவந்த பின் எடுக்கப்படும் நடவடிக்கை. எந்தப் புதுப்பிப்பை முதலில் நிறுவுவது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. ஒரு குறைபாட்டை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதுடன், எட்டியவரால் எதையெல்லாம் முடக்க முடியும் என்பதையும் நிறுவனங்கள் கணக்கில் கொள்வது அவசியம்.