ஓம் விதியைக் கையில் மீட்டரோடு கற்றுக்கொடுங்கள்

230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பைக் கழற்றி எடுத்து, மல்டிமீட்டரில் அதன் மின்தடையை அளந்தால் நூறு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். சூத்திரப்படி 230-ஐ 230-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 882 ஓம் வரவேண்டும். மீட்டரிலும் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. சூடு ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. ஓம் விதியோடு சேர்த்து மனப்பாடம் செய்கிற ‘மாறா வெப்பநிலையில்’ என்ற நிபந்தனை ஏன் இருக்கிறது என்பது இந்த ஒரு பல்பில் விளங்கிவிடும். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த எத்தனை பேர் இதை அளந்து பார்த்திருப்பார்கள்?

சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் ஆர்டுயினோ பலகையும் பிரெட்போர்டும் வாங்கிப்போகும் பிள்ளைகளின் ஆர்வம் பெரிது. வீடியோவைப் பார்த்து வயரைச் செருகினால் விளக்கு மின்னுகிறது. மின்னாதபோதுதான் சிக்கல்.

9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடி ஒன்றை எரிக்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் போதும். 9-ஐ 0.02-ஆல் வகுத்து 450 ஓம் என்று சொல்பவர்கள் உண்டு. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு. ஆக 350 ஓம். கடையில் எளிதில் கிடைப்பது ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு வளையம் போட்ட 390 ஓம். அதைப் போட்டால் 18 மில்லி ஆம்பியர் ஓடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எல்இடி ஓம் விதிக்குக் கட்டுப்படாது, ரெசிஸ்டர் கட்டுப்படும். சூத்திரத்தை எந்த இடத்தில் போடுவது என்பதும் பாடத்தின் பகுதிதான்.

அதைவிட அதிகம் கைவிடப்படுவது மின்திறன் கணக்கு. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஐசி வழியாக 5 வோல்ட் எடுத்து, அரை ஆம்பியர் இழுத்தால் என்ன ஆகும்? மிஞ்சும் 7 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். அத்தனையும் வெப்பம். ஹீட் சிங்க் இல்லாமல் விட்டால் தொட முடியாதபடி கொதித்து, ஐசி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஐசி கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்குகிறார்கள், அதுவும் நிற்கும். உள்ளே கொடுப்பதை 8 வோல்ட்டாகக் குறைத்தால் வெப்பம் 1.5 வாட்டாக இறங்கிவிடும். ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாவதும் இதே குடும்பத்துக் கணக்கு. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் வெப்பம் நான்கு மடங்கு என்று இயற்பியலாளர் ஜூல் 1840-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அக்காலப் பேட்டரிகளின் அழுத்தம் நிலையாக நிற்காததால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் எடுத்தார். வெவ்வேறு நீளக் கம்பிகளைப் பொறுமையாக மாற்றி மாற்றி அளந்தார். 1827-இல் நூல் வந்தபோது சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லே பதக்கம் கிடைக்க 1841 ஆயிற்று. அப்படி அளந்து அளந்து கண்டதைத்தான் நம் வகுப்பறைகள் வரையறையாகச் சுருக்கி, எழுதினால் மதிப்பெண் என்று வைத்திருக்கின்றன. இது மாற வேண்டும்.

பெரிய செலவு ஒன்றுமில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்; ரெசிஸ்டர்கள் சில்லறைக் காசு. நான்கைந்து மாணவர்களுக்கு ஒரு மீட்டர், ஒரு பேட்டரி, ஒரு எல்இடி கொடுத்து, முதலில் கணக்கைத் தாளில் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு அளக்க விடலாம். சுவர் பிளக் பக்கம் போகவே வேண்டாம், 9 வோல்ட்டே போதும். தேர்விலும் விதியை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், எந்த ரெசிஸ்டர், எத்தனை வாட், ஏன் என்று ஒரு கேள்வி சேர்க்கலாம்.